கன்னியப்பன் காசும் தாஸ் காசும்

பெங்களூர் அடுகோடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடும் ஹெலனுக்கு, அவளை நேரில் பார்த்தேயிராத சில நூறு பேர் சூட்டியிருந்த பெயர் ‘டவுட் மேடம்’. கேலிக்குத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ஞாயிறுதோறும் சாயங்காலம் செல்போனில் பழைய காசு ஏலம் ஒன்று நடக்கும். நடத்துகிறவன் நாகேஷ், அல்சூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருப்பவன். விற்க நினைப்பவர்கள் காசைப் படமெடுத்து அவனுக்கு அனுப்ப வேண்டும். அவன் அதை ஹெலனுக்குத் தள்ளிவிடுவான். அவள் பார்த்து ‘ஓகே’ என்றால் படம் ஏலத்துக்குப் போகும். ‘டவுட்’ என்றால் வந்த வழியே திரும்பிவிடும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வார்த்தை அவளிடம் கிடையாது.

கூலி ஒன்றும் இல்லை. ஆனால் பேர் இருந்தது. பகலெல்லாம் கடையில் ‘பில் இல்லாம குறைச்சுக் குடுங்க மேடம்’ என்று மல்லுக்கு நிற்கிறவர்களிடம் தொண்டை வற்றப் பேசிவிட்டு வருகிறவளுக்கு, ஒரே வார்த்தையில் ஹூப்ளி வக்கீலையும் ஓசூர் டாக்டரையும் வாயடைக்க முடிகிறது என்றால் சும்மாவா? கணவர் பால்ராஜ் காபிக்குக் காத்திருந்து காத்திருந்து கடைசியில் தானே எழுந்து போட்டுக் குடிப்பார். அவள் கட்டிலில் சம்மணமிட்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வருகிற காசுகளும் லேசுப்பட்டவை அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அனுமார் படம் போட்டு அச்சடித்த காசு என்று ஒருவர் அனுப்புவார். கம்பெனிக்காரனுக்கு அனுமாரிடம் என்ன நேர்த்திக்கடன் என்று அவருக்குத் தோன்றாது. இன்னொருவர் அனுப்பும் விக்டோரியா மகாராணியின் கன்னம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கும். அச்சில் அடித்த காசில் அப்படிக் குழி விழாது. உருக்கி வார்த்ததில்தான் விழும். படம் மங்கலாக இருந்தால் ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்து எடுக்கச் சொல்வாள். விளிம்பைக் காட்டச் சொல்வாள். ‘அர்ஜென்ட், இன்றைக்கே முடிக்க வேண்டும்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், படத்தைப் பார்க்காமலேயே பாதி முடிவு செய்துவிடுவாள். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம் ஆறாம் ஜார்ஜின் வெள்ளி ரூபாய். 1938-ஆம் வருஷத்து ரூபாய் தேடினால் கிடைக்கும். 1939 அப்படியல்ல, கண்ணில் படுவதே அபூர்வம். ஆகவே 1938-இன் கடைசி எட்டைப் பிடித்து, அதன் கீழ் வட்டத்தில் ஒரு பக்கத்தைச் சுரண்டி எடுத்து, ஒன்பதாக்கி விற்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. காசு அசல், வெள்ளி அசல், எடையும் அசல். ஒரே ஒரு எண் மட்டும் பொய். அந்தப் பொய்யைப் பிடிக்க ஹெலனிடம் சுலபமான வழி ஒன்று இருந்தது. அவளிடமே ஒரு 1939 இருந்தது.

அது அவள் அப்பா தாஸ் விட்டுப்போனது. தாஸ் கோலார் தங்கவயலில் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர். மாதா கோயில் காணிக்கைப் பெட்டியின் சாவி அவரிடம்தான் இருக்கும். சுரங்கக்காரர்களின் லைன் வீடுகளில் யாருக்குள் சண்டை வந்தாலும் ‘தாஸண்ணனைக் கேளு’ என்பார்கள். ஓய்வு நேரத்தில் அக்கம்பக்கத்துச் சொம்பிலும் அண்டாவிலும், ஒரு பைசா வாங்காமல், முத்து முத்தாகப் பேர் வெட்டிக் கொடுப்பார். அந்த 1939 ரூபாயை அவர் ஒரு நாள் ‘எங்கப்பா வச்சிருந்தது’ என்பார், இன்னொரு நாள் ‘சந்தையில மாத்துனது’ என்பார். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாமல் சொல்லிவந்தார்.

“ரெண்டு ஒம்போதும் ஒண்ணு போல இருந்தா அது டூப்பு. கடேசி நம்பரை மட்டும் வருஷா வருஷம் புதுசா வெட்டுவாங்க. அதான் வேற மாதிரி இருக்கும்.”

அவர் காசில் அப்படித்தான் இருந்தது. முன்னால் இருக்கும் ஒன்பதுக்குத் தலை பெரியது, கடைசி ஒன்பதுக்குச் சிறியது. இதையே அளவாக வைத்துக்கொண்டு ஹெலன் இத்தனை காலம் தீர்ப்புச் சொல்லிவந்தாள். அப்பா சொன்னதை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எந்த மகளுக்குத் தோன்றும்?

ஒரு சனிக்கிழமை ரஞ்சிதம் வந்தாள். தங்கவயலில் ஹெலன் வீட்டுக்கு அடுத்த வீடு ரஞ்சிதத்துடையது. ஹெலன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அங்கே மருமகளாக வந்தவள். இப்போது லக்கசந்திராவில் மகனோடு இருக்கிறாள். கூடவே நிறைமாத வயிற்றோடு மருமகள் பார்கவியும் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தாள்.

ரஞ்சிதம் முந்தானையை அவிழ்த்து ஒரு வெள்ளி ரூபாயை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். “எங்க மாமனார் காசு. நீ பாத்திருப்பே.”

பார்க்காமல் என்ன? அந்த லைனில் அதைப் பார்க்காத குழந்தையே கிடையாது. ரஞ்சிதத்தின் மாமனார் கன்னியப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம். சுரங்கத்துக்குள் மயங்கி விழுந்த வெள்ளைக்காரத் துரையை முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்தாராம். துரை கண்ணைத் திறந்ததும் பையிலிருந்து இந்த ரூபாயை எடுத்துக் கொடுத்தானாம். பாறை சரிந்தபோது ஒற்றைத் தோளால் தாங்கினாராம். பாதாளத்தில் பாம்பு ஒன்று அவரிடம் வழி கேட்டதாம். யாராவது வாய்கூசாமல் பொய் சொன்னால் ‘கன்னியப்பன் கதை’ என்றே அங்கே பேர். ஆள் செத்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேர் மட்டும் சாகவில்லை.

“ஏலத்துல போடு ஹெலனு” என்றாள் ரஞ்சிதம்.

“விக்கப் போறியாக்கா?”

“சீ! யாரு விப்பா? நாலு பேரு வெல கேக்கட்டும். எங்க சம்பந்தி கண்ணால பாக்கட்டும். கடேசில நானே ஜாஸ்தி சொல்லி எடுத்துக்கறேன்.”

“உன் காச நீயே வாங்குவியா?”

“என் காச நான் வாங்குனா யாருக்கு இன்னா நஷ்டம்?”

ஹெலன் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பார்கவியின் அப்பா எத்திராஜ், ரிடையரான பஸ் கண்டக்டர், வளைகாப்பு நாளில் எல்லார் முன்னாலும் இந்தக் காசைக் கிண்டல் செய்திருக்கிறார். துரையும் பொய், முதுகும் பொய், காசும் பொய் என்று அவர் சொல்ல, பந்தியே சிரித்திருக்கிறது. மற்றக் கதைகளை ரஞ்சிதமும் நம்பியதில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்த மாமனாருக்கு எல்லாம் செய்தவள் அவள். இந்த ஒரு காசாவது நிஜம் என்று நாலு பேர் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

ஹெலன் காசை ஜன்னலோரம் கொண்டுபோனாள். லென்ஸை வைத்தாள். இரண்டு ஒன்பதும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுபோலவே இருந்தன. மனது கொஞ்சம் சங்கடப்பட்டது. ஆனால் தெரிந்தவர் என்பதற்காக வளைந்து கொடுத்தால் அது என்ன தீர்ப்பு?

“டவுட்டுக்கா” என்றாள்.

“டவுட்டுன்னா?”

“ரெண்டு ஒம்போதும் ஒரே மாதிரி கீதுக்கா. அப்டி இருக்கக் கூடாது. யாரோ நல்லா வேல பண்ணியிருக்கான்.” சொன்னதோடு நிற்காமல் பீரோவைத் திறந்து அப்பாவின் காசையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

பார்கவி குனிந்து பார்த்தாள். “அட, ஆமா அத்தே! எங்கப்பா சொன்னது கரெக்டாப் போச்சு பாரு” என்று சிரித்தாள். அவளுக்கு மனதில் ஒன்றும் இல்லை. வாய்க்கு வந்தது, சொன்னாள். ரஞ்சிதத்தின் முகம்தான் செத்துப்போயிற்று.

“தாஸண்ணன் காசு பொய் சொல்லாது” என்று அவள் தன் காசை எடுத்து மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டாள். “எங்க கெழவன் புளுகன். தெரிஞ்சது தானே?” போட்டு வைத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். ஹெலனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தத்துக்கு அடியில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ரஞ்சிதத்துக்குப் பேரன் பிறந்தான். பேர் வைக்கும் விசேஷத்துக்கு ஹெலனையும் அழைத்திருந்தாள். அந்த வாரத்தில்தான் ஆனேக்கல்லில் இருந்து ஒரு படம் வந்தது. அனுப்பியவர் கிருஷ்ணப்பா, காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். காசு 1939. இரண்டு ஒன்பதும் ஒன்றுபோல. ஹெலன் யோசிக்காமல் ‘டவுட்’ என்று தட்டிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

நாகேஷ் போன் செய்தான். அவன் பேச்சில் கன்னடமும் தமிழும் கலந்து வரும். “ஒந்து நிமிஷா மேடம். அந்தப் பெரியவர் இன்னொரு போட்டோ அனுப்பிருக்கார், நோடி, பாருங்க. அவர்கிட்ட ரெண்டாவது பீஸ் ஒண்ணு இருக்கு. டெஸ்ட் பண்ணி, டப்பாவுல போட்டு சீல் வெச்சு, சர்டிபிகேட் குடுத்தது. அதுலயும் ரெண்டு ஒம்போதும் ஒண்ணேதான். எப்டி டவுட்டு?”

ஹெலன் பார்த்தாள். அவன் சொன்னது வாஸ்தவம்தான்.

“டப்பாவே டூப்பா இருந்தா?” என்றாள்.

“இருக்கலாம் மேடம். ஆனா எல்லாமே டூப்பா?”

அன்று பிடித்தது தலைசுற்றல். கிருஷ்ணப்பாவின் காசுகளும் கன்னியப்பனின் காசும் ஒரே ஜாடை. அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்திருக்க வேண்டும். எவனோ ஒரு கைகாரன் ஆனேக்கல்லுக்கும் தங்கவயலுக்கும் சப்ளை செய்திருக்கிறான். சரி, ஆனால் கன்னியப்பன் காசை அவளே குழந்தையாக இருந்தபோது பார்த்திருக்கிறாளே? செல்போன் ஏலம் என்று ஒன்று வருமென்று எவன் அத்தனை வருஷத்துக்கு முன்னால் கனவு கண்டான்? வேறு மாதிரி யோசித்தால், எல்லாம் ஒரே அச்சில் அடித்ததால்தான் ஒரே ஜாடை. அசலுக்கு அதுதானே லட்சணம்? அப்படியானால் ஜாடை மாறி நிற்பது எது? இந்த இடத்துக்கு வந்ததும் ஹெலன் யோசிப்பதை நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். கடையில் ஒருவருடைய கண்ணாடிக்கு இன்னொருவர் பேரில் பில் போட்டாள். வீட்டில் பால்ராஜின் காபியில் உப்பைப் போட்டாள். அவர் நல்ல மனிதர், முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துவிட்டார்.

சனிக்கிழமை அப்பாவின் காசை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு அல்சூருக்குப் போனாள். அசல் எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்கும் நேரிலேயே காட்டிவிட்டு வருவதாகத்தான் உத்தேசம். கிருஷ்ணப்பா முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சண்டை பிடிக்கிற ஆளாகத் தெரியவில்லை. வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “பன்னி அம்மா, வாங்க, உக்காருங்க” என்றார் கன்னடமும் தமிழுமாக.

நாகேஷின் கடையில் அச்சுப் புள்ளிகளைச் சோதிக்கும் மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் கடுகளவு புள்ளி திரையில் தோசையளவு தெரியும். முதலில் கிருஷ்ணப்பாவின் காசை அடியில் வைத்தான். கடைசி ஒன்பது திரை முழுக்க வந்து நின்றது. தரையிலிருந்து மேடு எழுகிற மாதிரி, சுற்றிலும் வழுவழுவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

“ஈவாக, இப்ப உங்களுது வைங்க மேடம்.”

ஹெலனுக்கு அப்போது கை வரவில்லை. எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது. கைக்குட்டையைப் பிரித்துக் கொடுத்தாள்.

திரையில் அப்பாவின் ஒன்பது வந்தது. அதன் இடது பக்கம் வழுவழுப்பாக இல்லை. உழுத மண் மாதிரி மெல்லிய கோடுகள் பக்கம் பக்கமாக ஓடின. ஒன்பதின் கீழ்ப்பகுதியில் ஒரு வளைவு, இல்லாமல் போன பிறகும் நிழல் மாதிரி தரையில் தங்கியிருந்தது. அந்த நிழலையும் சேர்த்துப் பார்த்தால் அது எட்டு. சந்தேகமே இல்லாமல் எட்டு.

கிருஷ்ணப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாகேஷ், “லென்ஸ்ல தூசி இருக்கும் மேடம்” என்று துணியை எடுத்து லென்ஸைத் துடைத்தான். கோடுகள் அப்படியே இருந்தன. மறுபடியும் துடைத்தான். இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

“நல்ல கை அம்மா” என்றார் கிருஷ்ணப்பா, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. “யாரோ பஹள, ரொம்ப நல்ல கை.”

நல்ல கை. ஹெலனுக்கு ஒரே ஒரு நல்ல கைதான் தெரியும். சின்ன உளியும் சுத்தியலுமாக வாசலில் உட்கார்ந்து, பித்தளைச் சொம்பை மடியில் சாய்த்து வைத்துப் பேர் வெட்டிய கை. அவள் காசை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே இறங்கி வந்து ஆட்டோ பிடித்தாள்.

அப்பாவே செய்தாரா? செய்திருந்தால் ஏன் விற்கவில்லை? விற்காத காசை எதற்குத் திருத்த வேண்டும்? இல்லை, சந்தையில் எவனோ அவரை ஏமாற்றினான். விற்றவனே அந்த ரெண்டு ஒன்பது சட்டத்தையும் சொல்லிக் கொடுத்தான். அப்பா பாவம், நம்பினார். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் சந்தையில் வாங்கியதை எதற்கு ஒரு நாள் தாத்தா காசு என்று சொன்னார்? வண்டி ஓசூர் ரோடு நெரிசலில் நின்றிருந்தபோது அந்த இன்னொரு எண்ணம் வந்தது. அடுத்த வீட்டில் ஒரு 1939 இருந்தது. லைன் பூராவும் பொய்யன் என்று சிரித்த ஒரு மனிதனிடம் அப்படி ஒரு பொருள் இருந்தது. லைன் பூராவும் கும்பிட்ட அப்பாவிடம் இல்லை. அப்பாவைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று ஆட்டோவிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, வெளியே ஏதாவது கோயில் இருக்கிறதா என்று தேடினான்.

அப்பா விஷயம் எப்படியோ போகட்டும். ரஞ்சிதம் விஷயத்தில் குழப்பமே இல்லை. கன்னியப்பன் காசு அசல். அதைப் பொய் என்று சொன்னவள் ஹெலன். நாளைக்கே போய்ச் சொல்லி, அந்தக் காசை முறையாக ஏலத்தில் போட்டு, எத்திராஜ் வாயைப் பிளக்கும்படி செய்துவிடலாம். ரஞ்சிதம் தன் காசைத் தானே வாங்கிக்கொள்ளட்டும். இந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஞாயிற்றுக்கிழமை விசேஷ வீட்டுக்குப் படியேறினாள்.

வீடு நிறையக் கூட்டம். பாதிப் பேர் தங்கவயல் ஆட்கள். கட்டிலில் போர்வை விரித்து, பவுடர் பூசி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துக் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. கயிற்றில் கோத்து, தொப்புளுக்குக் கீழே பளபளவென்று தொங்கியது கன்னியப்பனின் 1939. ராஜாவின் தலைக்கு மேலே ஓட்டை போட்டு, வளையம் வைத்துப் பற்றவைத்து, துலக்கு துலக்கென்று துலக்கியிருந்தது.

“பாத்தியா ஹெலனு?” என்று ரஞ்சிதம் ஓடிவந்து கையைப் பிடித்தாள். “நீ டூப்புன்னுட்டே. சரி, வெள்ளி தானே, டப்பாவுல எதுக்கு சும்மா தூங்கணும்? அர்ணா கவுத்துல கோத்துட்டேன். கொள்ளுத்தாத்தன் காசு, புள்ள ஒடம்புலயாவது கெடக்கட்டும்.”

ஓட்டை போட்ட காசை எந்த ஏலத்திலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாலிஷ் போட்டதைக் கேட்கவே வேண்டாம். உலகத்தில் அபூர்வமாகத் தப்பிய ஒன்றில், ஹெலனின் ஒரு வார்த்தை துளை போட்டுவிட்டது.

அந்த நேரம் பார்த்து எத்திராஜ் குரலெடுத்தார். “கன்னியப்பன் காசு கொள்ளுப்பேரன் இடுப்புல! பையன் வாயத் தொறந்தா எத்தினி துரையத் தூக்கப் போறானோ!”

வீடே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ரஞ்சிதம். அந்தச் சிரிப்பைத்தான் ஹெலனால் தாங்க முடியவில்லை.

“அது டூப்பு இல்ல” என்றாள்.

யாரோ குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் நின்றது.

“கன்னியப்பன் தாத்தா காசு அசலு. நான் தான் தப்பா சொல்லிட்டேன். எங்கப்பா காச வச்சிப் பாத்து சொன்னேன். அதான் டூப்பு. நேத்து மிஷின்ல போட்டுப் பாத்தாச்சு.”

ரஞ்சிதத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஹெலன் அதைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

“இன்னாடி ஒளர்றே?” என்று எழுந்தாள் அன்னம்மாள், தங்கவயலில் எதிர் வீட்டுக்காரி, ஹெலனைத் தூக்கி வளர்த்தவள். “தாஸு காணிக்கப் பொட்டி சாவி வச்சிருந்த மனுஷன். எங்க வூட்டு அண்டாவுல பேரு வெட்டினதுக்கு ஒரு டீ குடுத்தா கூட வாணாம்னுவாரு. அவரு காசு டூப்பா?”

“வுடுங்கம்மா” என்றார் எத்திராஜ், பெருந்தன்மையாக. “சம்பந்தியம்மா மனசு நோவக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லுது. நல்ல மனசு.” பிறகு ஹெலனைப் பார்த்து, “கண்ணாடிக் கடையிலயே வேல பாக்கற. ஒரு நல்ல கண்ணாடியா பாத்து மாட்டிக்கம்மா” என்றார். மறுபடியும் சிரிப்பு.

ஹெலன் மைக்ராஸ்கோப்பைப் பற்றிச் சொன்னாள், கோடுகளைச் சொன்னாள், எட்டின் நிழலைச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். காய்ச்சலில் பிதற்றுகிற குழந்தைக்குத் தலையாட்டுவது போலத்தான் ஆட்டினார்கள். பொய் என்று அவள் அன்றைக்கு ஒரே வார்த்தை சொன்னபோது யாரும் சாட்சி கேட்கவில்லை. நிஜம் என்று சொல்ல இன்றைக்கு இத்தனை சாட்சி போதவில்லை. தாஸ் யோக்கியர், கன்னியப்பன் புளுகர். இதை இந்த வீட்டில் எந்த மிஷினாலும் மாற்ற முடியாது.

ரஞ்சிதத்தின் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்துவிட்டது. “போவுது வுடு ஹெலனு” என்றாள். “சாப்ட வா. எல போட்டு கீது.”

ஹெலன் நகரவில்லை. என்ன சொல்லப் போகிறோம் என்று, சொல்லி முடிக்கும்வரை அவளுக்கே தெரியாது.

“எங்கப்பாவே பண்ணது அது” என்றாள். “உளி வச்சி அவரே வெட்டுனாரு. கன்னியப்பன் தாத்தாகிட்ட இருக்குது, தன்கிட்ட இல்லியேன்னு பண்ணேன்னு, சாவறப்ப என்கிட்ட சொன்னாரு.”

தாஸ் சாகிறபோது அவளிடம் சொன்னது, “ஃபேன நிறுத்து, குளிருது” என்பது மட்டும்தான்.

இதை எல்லாரும் நம்பினார்கள். உடனே நம்பினார்கள். பெற்ற மகள் அப்பனைப் பற்றி இப்படி ஒரு பொய்யை எதற்குச் சொல்லப் போகிறாள்? அன்னம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தாள். “அதான் அண்டாவுல அப்டி வெட்டுனாரு” என்று யாரோ மூலையில் முணுமுணுத்தார்கள். எத்திராஜ் கட்டில் பக்கம் போய்க் குனிந்து, குழந்தையின் இடுப்புக் காசை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “அப்போ துரை குடுத்தது நெசந்தான் போல கீதே” என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை.

ஹெலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். படியில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடினாள். கண் மறைத்தது, எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தன. பின்னாலேயே ரஞ்சிதம் வந்தாள்.

“ஹெலனு, நில்லு. தாஸண்ணன் நெசமாவே பண்ணாரா?”

“தெரிலக்கா.”

“சாவறப்ப சொன்னாருன்னியே?”

“ஒண்ணும் சொல்லலக்கா. அவர் பண்ணாரா, எவனாச்சும் ஏமாத்திட்டானா, எனக்கு ஒண்ணுமே தெரில.” அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. அப்பா செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்று அழுதாள்.

உள்ளே புதிதாக வந்த யாருக்கோ எத்திராஜ் கதை சொல்லிக்கொண்டிருந்தார். “சொரங்கத்துக்குள்ள துரை மயங்கி வுழுந்துட்டான். இவங்க மாமனார் இன்னா பண்ணாரு, அப்டியே முதுகுல போட்டுக்கினு…” யாரும் சிரிக்கவில்லை. குழந்தைகூட அழாமல் இருந்தது.

ரஞ்சிதம் அதைக் கேட்டாள். வீட்டுக்குள் போக ஒரு அடி எடுத்து வைத்தாள். போய்ச் சொல்லிவிடப் போகிறாள் என்று ஹெலன் நினைத்தாள். சொல்லிவிட்டால் தேவலாம் என்றும் நினைத்தாள், சொல்லிவிடக் கூடாதே என்றும் நினைத்தாள். ரஞ்சிதம் கதவை இழுத்து மெல்லச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, படியில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஹெலனையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நாளைக்கு நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் ஹெலனு” என்றாள். கதவுக்குப் பின்னால் ஓடுகிற கதையில்தான் அவள் காது இருந்தது. “இன்னிக்கு ஒரு நாளு மட்டும் இருக்கட்டும்.”